பின்பக்கத்தில் நாற்பத்தொரு பேர்

2004 நவம்பர் 21

அக்காவுக்கு மைசுய் எழுதுவது.

நான் நலம், அம்மா நலம், பன்றி மிகமிக நலம். புத்தாண்டுக்கு அதை வெட்டப்போகிறார்கள் என்று யாரும் அதனிடம் இன்னும் சொல்லவில்லை. அப்பா படுத்தால் இருமுகிறார், அதனால் உட்கார்ந்தே தூங்குகிறார். படி ஏறினால் மூன்று படிக்கு ஒரு நிறுத்தம், நம் மலைப்பாதைப் பேருந்து மாதிரி. பேருந்தாவது ஹாரன் அடிக்கும்.

நீ வேலை செய்யும் ஓவியப் பட்டறையிலிருந்து உன் மூ வாத்தியாரின் லாரி வந்தது. இரண்டு பேர் இறங்கி ஒலிபெருக்கியில் கூவினார்கள். சுரங்கத் தூசியால் இறந்தவரின் வேலைச் சட்டையைக் கொடுத்தால் புதிய பஞ்சுக் கோட்டு ஒன்று தருவார்களாம். பெய்ஜிங்கில் ஒரு பெரிய ஓவியர் அவற்றை வைத்துப் படம் செய்கிறாராம். ஊர்ப் பெண்கள் முதலில் முறைத்தார்கள். பிறகு ஒவ்வொருத்தியாகப் பன்றிக்கொட்டிலுக்கும் மாடிக்கும் போய் எடுத்து வந்தார்கள். உனக்குத் தெரியுமே, செத்தவரின் நல்ல துணியை எல்லாம் எரித்துவிடுவார்கள், சுரங்கத்தில் பாறை துளைக்கும்போது போட்ட சட்டையை மட்டும் எரிக்க மாட்டார்கள். எரித்தால் அதைப் போட்டுக்கொண்டு அங்கேயும் வேலைக்குப் போய்விடுவாராம். அப்படித் தொங்கிக்கொண்டிருந்தவை நாற்பது.

லாரியில் இன்னும் கோட்டுகள் இருந்தன, அக்கா. தடித்த, பச்சை நிற, கழுத்தில் ரோமம் வைத்த கோட்டுகள். அப்பாவின் தோள் எலும்பு போர்வைக்கு மேலேயே தெரிகிறது.

சோளப் பரணில் இருந்த அப்பாவின் சட்டையை எடுத்தேன். கண்ணில் மிளகாய் தொட்ட விரலை வைத்துக்கொண்டேன். ஊர்ப் பெண்கள் எல்லாரும் வாங்கிக்கொண்டு போனபிறகு லாரிக்காரன் ஒருவன் முன்னால் நின்றேன். "பேரு?" என்றான். சியாவ் கென்வாங் என்றேன். "எப்ப தவறினாரு?" போன மாதம் என்றேன். அவன் ஒரு சீட்டில் கறுப்பு மையால் பெயர் எழுதி, சுற்றிலும் கறுப்புக் கட்டம் போட்டு மூட்டையில் கட்டினான். பிறகு எனக்குத் தலை வணங்கினான். நான் அவனைவிடத் தாழ வணங்கினேன். தோற்கக்கூடாது அல்லவா.

பள்ளியில் கட்டுரைப் பரிசு என்று அப்பாவிடம் சொன்னேன். என்ன தலைப்பு என்று கேட்டார். 'என் தந்தை' என்றேன். கோட்டு கச்சிதமாக இருக்கிறது. அம்மாவிடம் சொல்லிவிடாதே.

குளிரில் கையை ஜாக்கிரதையாக வைத்துக்கொள்.

உன் தங்கை,
மைசுய்

2004 டிசம்பர் 6

மைசுய்க்கு.

நலமா என்று கேட்கப்போவதில்லை.

மூட்டைகளை அவிழ்க்கும் வேலை என்னுடையது. நாற்பது மூட்டையை அவிழ்த்தேன். எல்லாம் தெரிந்த பெயர்கள். ஒவ்வொன்றையும் வாய்விட்டுப் படித்துவிட்டுத்தான் விரித்தேன். நாற்பத்தொன்றாவதில் அப்பாவின் பெயர் கறுப்புக் கட்டத்துக்குள் இருந்தது. முழங்கையில் அம்மா போட்ட நீல ஒட்டு இருந்தது.

எனக்குச் சொல்லாமலே புதைத்துவிட்டார்கள் என்று நினைத்தேன். தெருமுனைக் கடைக்கு ஓடி ஊர் அலுவலகத்துக்குத் தொலைபேசியில் பேசினேன். அப்பா இருக்கிறாரா, போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்லுங்கள் என்று எழுத்தர் கோவிடம் கெஞ்சினேன். நாற்பது நிமிடம் அந்தக் கடை வாசலில் நின்றேன். அவர் திரும்பி வந்து, "இருக்காரும்மா. கோழிக்குத் தீனி போட்டுட்டு இருக்காரு. ஏன், என்ன ஆச்சு?" என்றார். தொலைபேசியை வைத்துவிட்டுத் திரும்பினேன்.

உன் கடிதம் அதற்கு நான்காம் நாள் வந்தது. பன்றி வரை படித்துச் சிரித்தேன். பிறகு சுவரில் எறிந்தேன்.

அந்தச் சட்டைகள் ஊரில் தொங்குவதை வாத்தியாரிடம் சொன்னவள் நான்தான். பேச்சுவாக்கில், தேநீர் ஊற்றும்போது சொன்னேன். அதனால் உன்னை மட்டும் திட்டவும் முடியவில்லை.

அப்பா மருந்தை வேளைக்குச் சாப்பிடுகிறாரா?

ருய்ஷியா

2004 டிசம்பர் 24

அக்காவுக்கு.

நீ நலமாக இருக்க வேண்டும். என் காது நலமாக இல்லை, உன் கடிதம் அதைத் திருகிவிட்டது. திருகியது சரிதான்.

வேடிக்கை பேசாமல் கொஞ்சம் எழுதுகிறேன். லாரி போன அந்த வாரத்திலிருந்து அப்பா துப்புவதில் ரத்தம் வருகிறது. முன்னால் இல்லை. அம்மா கிண்ணத்தை என்னிடம் காட்டாமல் எடுத்துப் போகிறாள். நான் கணக்கில் மோசம்தான், ஆனால் இந்த நாட்களை எண்ணத் தெரிகிறது. உயிரோடு இருப்பவரின் பெயரைக் கறுப்பில் எழுதச் சொன்னது நான். செத்தவர்களோடு கட்டி அனுப்பியதும் நான்.

இதற்கும் அதற்கும் தொடர்பில்லை என்று எழுது. நீ பெரியவள், நகரத்தில் இருக்கிறாய், நீ சொன்னால் நம்புவேன். எழுதிவிட்டு, எதற்கும் இருக்கட்டும், அந்தச் சட்டையை வெளியே எடுத்துவிடு. கத்தி இல்லையா அங்கே? வெட்டி எடு. எடுத்த இடத்தில் என் பள்ளிச் சட்டையை வைத்துக்கொள்ளட்டும். அதுவும் கிட்டத்தட்டச் செத்த சட்டைதான்.

சீக்கிரம் எழுது.

மைசுய்

2005 ஜனவரி 16

மைசுய்க்கு.

நலமாக இருக்கிறேன். கையில் அரக்குப் புண், அது இங்கே எல்லாருக்கும் உண்டு.

தொடர்பில்லை. எழுதிவிட்டேன், இந்த வரியைப் பத்திரமாக வைத்துக்கொள்.

சட்டையை எடுக்க முடியவில்லை. நான் தொலைபேசிக் கடையில் நின்ற அந்த நாற்பது நிமிடத்தில் வாத்தியார் அதைப் பலகையில் வைத்துவிட்டார். படம் நம் வீட்டு முன்சுவரைப் போல இரண்டு மடங்கு. சட்டைகளை எலும்புப் பசையில் முக்கி, மடிப்பு மடிப்பாக நிறுத்தி, மேலே சுண்ணாம்பும் கல்தூளும் பூசி, தீயால் கருக்கி, அரக்கு ஊற்றி, காய்ந்ததும் சுரண்டுவோம். இப்போது அதில் கைகளும் இல்லை, பொத்தானும் இல்லை. சாம்பல் நிறத்தில் மேடும் பள்ளமும்தான். பார்க்க வந்தவர்களில் ஒருவர் மழைக்குப் பிந்திய மலை என்றார், ஒருவர் உறைந்த கடல் என்றார். வாத்தியார் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். யாரும் இல்லாத நேரம் பார்த்து நான் உளியை வைத்தேன். உளி உடைந்தது.

வாத்தியாரிடம் சொல்லலாம் என்றால், நாற்பத்தொரு இறந்தவர்களின் ஆடை என்று வெளிநாட்டு அருங்காட்சியகத்துக்கு அவர் எழுதிக் கொடுத்தாகிவிட்டது.

ஆனால் ஒன்று செய்திருக்கிறேன். பலகையின் பின்பக்கத்தில், எந்தச் சட்டை எங்கே இருக்கிறதோ அங்கே அவரவர் பெயரைச் செதுக்கிக் கறுப்பு மை நிரப்பச் சொல்லியிருந்தார். முன்னால் நிற்பவருக்கு அது தெரியாது. தெரிய வேண்டியதில்லை என்கிறார். பெரியப்பா கல்லறையில் பெரியம்மா பெயர் இருப்பது ஞாபகம் இருக்கிறதா? கல்லில் இருவர் பெயரும் உண்டு, செத்தவருக்குக் கறுப்பு, இருப்பவருக்குச் சிவப்பு. வாத்தியார் முத்திரை குத்தும் சிவப்பு மையை எடுத்து அப்பா பெயரில் நிரப்பிவிட்டேன். நாற்பது கறுப்பு, ஒரு சிவப்பு.

என்னால் ஆனது இதுதான். பிப்ரவரியில் புத்தாண்டுக்கு வர முடியாது. அப்பாவிடம் நீயே பக்குவமாகச் சொல்.

ருய்ஷியா

2005 பிப்ரவரி 20

சிவப்பு அக்காவுக்கு, கறுப்புத் தங்கை எழுதுவது.

எல்லாரும் நலம், பன்றி தவிர. அது மிகச் சுவையாக இருந்தது.

உன் கடிதம் வந்ததும் பெரியப்பா கல்லறைக்கு ஓடினேன். பெரியம்மா பெயர் பதினோரு வருடமாகச் சிவப்பில் இருக்கிறது. அவளும் பதினோரு வருடமாகப் பக்கத்து வீட்டாரோடு சண்டை போட்டுக்கொண்டு சிவப்பாகத்தான் இருக்கிறாள். ஆக, வேலை செய்கிற முறை இது.

வேலை செய்கிறது, அக்கா! புத்தாண்டு முடிந்து பத்து நாளாகக் கிண்ணத்தில் ரத்தம் இல்லை. அப்பா கொழுக்கட்டை எட்டு சாப்பிட்டார். நீ வராததற்கு முகம் சுருங்கவில்லை, பெரிய இடத்து வேலை அப்படித்தான் இருக்கும் என்று ஊராருக்கு அவரே சொல்கிறார். பஞ்சுக் கோட்டைக் கழற்றுவதே இல்லை. தூங்கும்போதும் அதுதான். தினமும் அதன் பைக்குள் கையை விட்டுக்கொண்டு வெயிலில் உட்கார்ந்து, போகிறவர் வருகிறவரிடம் என் மகள் கட்டுரையில் வாங்கினது என்கிறார். நான் அந்தப் பக்கம் போவதே இல்லை.

ஒரு சந்தேகம். மூ என்று பெயர் வைத்தவர்கள் பாதியில் ஏன் நிறுத்தினார்கள்? அப்பாவிடம் மிச்சம் இருப்பது 'ச்சு' மட்டும்தான். உன் வாத்தியார் கொஞ்சம் பங்கு கொடுத்தால் இரண்டு பேருக்கும் முழுசாகும்.

மருந்து போட்டுக்கொள் கைக்கு.

மைசுய்

2005 ஏப்ரல் 10

மைசுய்க்கு.

நலம். கை ஆறிவிட்டது.

வாத்தியார் பார்த்துவிட்டார். முதுகுச் சட்டம் பொருத்தப் படத்தைத் திருப்பினோம். அவர் கண் நேராக அங்கே போயிற்று. "இதுல யாரு உயிரோட இருக்கிறது?" என்று கேட்டார். என் அப்பா என்றேன். நடந்ததைச் சொன்னேன். உன் பெயரை மட்டும் சொல்லவில்லை, வீட்டில் நடந்த தவறு என்றேன். வேலை போயிற்று என்று நினைத்தேன். அவர் ரொம்ப நேரம் அந்தச் சிவப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். சட்டையை எடுக்கச் சொல்லவில்லை, வேறு சட்டை கேட்கவும் இல்லை. "சரி, அப்படியே இருக்கட்டும்" என்றார். இன்னும் ஏதோ சொன்னார். அது வேலை சம்பந்தமானது.

அதன்பிறகு திங்கள்கிழமைதோறும் அப்பா எப்படி இருக்கிறார் என்று விசாரிக்கிறார். சாப்பிடுகிறாரா, நடக்கிறாரா, டாக்டர் என்ன சொன்னார் என்றெல்லாம் கேட்கிறார். விசாரித்தார் என்று அப்பாவிடம் சொல். சொல்லாவிட்டாலும் பரவாயில்லை.

ருய்ஷியா

2005 மே 15

அக்காவுக்கு.

வீட்டில் எல்லாரும் இருக்கிறோம். நலம் என்று எழுத வந்தேன், 'இருக்கிறோம்' என்பதே பெரிய சொல்லாகத் தோன்றியது.

ரத்தம் திரும்ப வந்துவிட்டது. ஊர் மருத்துவர் ஆக்சிஜன் பை கொடுத்திருக்கிறார். தலையணை மாதிரி இருக்கிறது. அப்பா அதை இரண்டாவது மனைவி என்கிறார், அம்மா அவரை அடிக்க ஓங்கிவிட்டு நிறுத்திக்கொள்கிறாள்.

வாத்தியார் விசாரித்ததைச் சொன்னேன். சட்டைக் கதை இல்லாமல், வெறும் விசாரிப்பை மட்டும். அப்பா கோட்டுப் பைக்குள் கையை விட்டுக்கொண்டார். பிறகு சிரித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் கிண்ணமாகி, அடங்க அரை மணி ஆயிற்று. அடங்கியதும் அக்ரூட் கூடையைக் கொண்டுவரச் சொன்னார். தானே உடைத்தார். ஒரு கொட்டை, ஒரு ஓய்வு. பருப்பு நொறுங்காமல் முழுசாக வர வேண்டுமாம். ஒரு பை நிரம்ப ஒன்பது நாள் ஆயிற்று. உதவப் போனால் கையைத் தட்டிவிடுகிறார்.

இத்துடன் வருகிறது. உன் வாத்தியாரிடம் கொடு. பெய்ஜிங் பெரியவர் வாராவாரம் கென்வாங்கை விசாரிக்கிறார் என்று ஊரே மெச்சுகிறது. எழுத்தர் கோ நேற்று அப்பாவுக்கு சிகரெட் நீட்டினார். நுரையீரல் இல்லாதவருக்கு சிகரெட்! மரியாதை கண்ணை மறைத்துவிட்டது.

மைசுய்

2005 ஜூலை 3

மைசுய்க்கு.

அக்ரூட் இனி அனுப்ப வேண்டாம். அவர் சாப்பிடுகிறார். சாப்பிட்டுக்கொண்டேதான் விசாரிக்கிறார். ஏன் என்று கேட்காதே.

படம் மே மாதமே முடிந்துவிட்டது. பெட்டி செய்யும் தச்சர்கள் இரண்டு முறை வந்து அளவு எடுத்துக்கொண்டு போனார்கள். இரண்டு முறையும் வாத்தியார், "இன்னும் இல்லை, கொஞ்சம் பொறுங்க" என்று திருப்பி அனுப்பினார். அக்டோபர் பத்தாம் தேதிக்குள் கப்பல் ஏறியாக வேண்டும்.

அப்பாவைக் கவனமாகப் பார்த்துக்கொள். அக்டோபர் வரையாவது. அக்டோபருக்குப் பிறகும்.

ருய்ஷியா

2005 அக்டோபர் 2

அக்காவுக்கு.

நல்லபடியாகப் போய்ச் சேர்ந்திருப்பாய் என்று நம்புகிறேன். அம்மா இன்று கஞ்சி குடித்தாள்.

நீ அப்பாவின் சவ அடக்கத்துக்கு வந்து இங்கே இருந்த ஏழு நாளும் இதைச் சொல்ல வாயைத் திறந்தேன். ஒவ்வொரு முறையும் யாராவது அழுதபடி உள்ளே வந்தார்கள். பொய் சொல்கிறேன். யாரும் வராதபோதும் சொல்லவில்லை. சொன்னால் நீ என்னைப் பார்க்கும் பார்வை எப்படி இருக்குமோ என்று பயம். காகிதத்துக்குக் கண் இல்லை, அதனால் எழுதுகிறேன்.

ஜூலையில் உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். வாத்தியார் விசாரித்தது அப்பாவின் நலத்தை அல்ல, சாகும் நாளை. அன்று வந்த கோபத்தில், அப்பா உடைத்து வைத்திருந்த இரண்டாவது பை அக்ரூட்டில் மிளகாய்த்தூளைப் புரட்டினேன். அப்பா என் விரலில் சிவப்பைப் பார்த்துவிட்டார். திட்டவில்லை. ஒரு சட்டி தண்ணீர் கொண்டுவரச் சொல்லி, ஒவ்வொரு பருப்பாக என்னைக் கழுவ வைத்தார். கழுவும்போது சொன்னார்:

"பாவம்டி அந்த ஆளு. நான் எப்படா சாவேன்னு காத்துக்கிட்டு இருக்கான். காத்திருக்கிறவனைப் பட்டினியா போடக்கூடாது."

கையில் இருந்த பருப்பு சட்டிக்குள் விழுந்தது. அவர் கோட்டுப் பைக்குள் கைவிட்டு ஒரு அச்சடித்த சீட்டை எடுத்தார், பெயர் மட்டும் கையால் எழுதியது. 'மறைந்த திரு. சியாவ் கென்வாங்கின் குடும்பத்தாருக்கு நன்றியுடன்.' கோட்டைக் கொடுக்கும்போதே எல்லார் பைக்குள்ளும் அப்படிப் பெயர் எழுதிச் செருகியிருக்கிறார்கள், அக்கா. எனக்குத் தெரியாது. நான் கொண்டுவந்த அன்றே அவர் படித்துவிட்டார். நவம்பர் முதல் அதைப் பையில் வைத்துக்கொண்டுதான் வெயிலில் உட்கார்ந்து, மகள் கட்டுரையில் வாங்கினது என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

அதற்கு மேல் மறைக்க என்ன இருக்கிறது? எல்லாவற்றையும் கொட்டினேன். படம், பின்பக்கம், நீ நிரப்பிய சிவப்பு. மன்னிப்புக் கேட்டேன். அவர் கேட்டது வேறு. நாற்பது பேரும் யார் யார் என்று கேட்டார். ஊரில் சட்டை கொடுத்த வீடுகளை வரிசையாகச் சொன்னேன். ஒவ்வொரு பெயருக்கும், "அவன் நல்லா பாடுவான்," "அவன் என் பூட்ஸைத் திருடினவன்" என்று ஏதாவது ஒன்று. நாற்பதும் முடிந்ததும் ஆக்சிஜன் பையை மூக்கிலிருந்து எடுத்துவிட்டுப் பேசினார்:

"எல்லாம் ஒரே குழியில எறங்கின பயலுங்க. நான் மட்டும் செவப்புல நின்னா, இவன் இன்னும் வேலைக்கு வந்து சேரலைன்னு சிரிப்பானுங்க. இருக்கிற வரைக்கும் அப்படியே இருக்கட்டும், உங்கக்கா ஆசையா செஞ்சது. நான் போன அன்னிக்கே கறுப்பாக்கச் சொல்லிடு. வேற யாரும் வேணாம், அவ கையால செய்யட்டும்."

பிறகு மூச்சு வாங்கக் கொஞ்ச நேரம் எடுத்துக்கொண்டு, "மறந்துறாத. உனக்கு வெளையாட்டுப் புத்தி" என்றார்.

மறக்கவில்லை. பன்னிரண்டு நாள் தாமதம் பண்ணிவிட்டேன். பெட்டி பத்தாம் தேதிதான் போகும் என்றாய். கடிதம் அதற்குள் வந்துவிடும். கறுப்பாக்கிவிடு, அக்கா. அவர் அவர்களோடு இருக்கட்டும். அந்த வாத்தியாருக்காக அல்ல. அவர் சந்தோஷப்பட்டால் பட்டுவிட்டுப் போகட்டும்.

ஆக்கியதும் ஒரு வரி எழுது. அதுவரை என்னால் சாப்பிட முடியாது.

மைசுய்

(உறையின் மேல் தபால் முத்திரை: பெறுநர் இந்த முகவரியில் இல்லை. அனுப்பியவருக்கே திருப்புக. 2005 அக்டோபர் 11.)

2005 அக்டோபர் 30

மைசுய்க்கு.

அம்மாவும் நீயும் நலமா? முகவரி மாறியிருப்பதைப் பார்த்திருப்பாய். தியான்ஜினில் ஒரு நூடுல்ஸ் கடையில் இருக்கிறேன். உன்னிடமிருந்து ஒரு மாதமாக ஒன்றும் வரவில்லை. எழுதியிருந்தால் பழைய இடத்தில் அவர்கள் வாங்கி வைத்திருக்க மாட்டார்கள்.

ஊரிலிருந்து நான் திரும்பிய அன்று வாத்தியார் பட்டறை வாசலிலேயே நின்றார். அப்பாவுக்காக மூன்று முறை குனிந்து வணங்கினார், முறைப்படி, நெற்றி முழங்கால் தொட. கண் கலங்கியிருந்தது, நடிப்பில்லை. நிமிர்ந்து உள்ளே அழைத்துப் போனார். படத்தைத் திருப்பி வைத்திருந்தார். பக்கத்தில் முக்காலி, முக்காலியில் கறுப்பு மை அரைத்துத் தயாராக, தூரிகை நனைத்து. "நீதான் செய்யணும். அதுக்காகத்தான் காத்திருந்தேன்" என்றார். ஏப்ரலில் அவர் சொன்ன மற்றதும் இதுதான். கறுப்பாக்க வேண்டிய நாளில் நீயே ஆக்கு என்றார். அப்போது உனக்கு எழுத மனம் வரவில்லை.

தனியாக விடுங்கள் என்றேன். கதவைச் சாத்திவிட்டுப் போனார்.

நான் செய்யவில்லை, மைசுய். அந்தத் தூரிகையைத் தொடவே இல்லை. சிவப்பின் மேல் இன்னொரு பூச்சு சிவப்பு வைத்தேன். அது மங்காமல் இருக்க அரக்கு ஊற்றினேன். பிறகு பின்பலகையை வைத்து முப்பத்தாறு திருகாணியும் முடுக்கினேன். ஆயிற்று என்று அவரிடம் சொன்னேன். திறந்து பார்க்கவில்லை, நம்பினார். எல்லாம் தயாராகிவிட்டதால் பெட்டி நான்காம் தேதியே போய்விட்டது. ஐந்தாம் தேதி நான் கிளம்பிவிட்டேன்.

கடலுக்கு அப்பால் ஏதோ ஒரு சுவரில் அது இருக்கும். அந்தப் பலகையை யாரும் திறக்கப்போவதில்லை. அந்தப் பலகையில் நாற்பது பேர்தான் செத்தவர்கள், நம் அப்பா சாகவில்லை. அவர் சாகக் காத்திருந்தவன் அரைத்து வைத்த மையால் அவரைக் கறுப்பாக்கவில்லை. வாழ்க்கையில் அப்பாவுக்காக நான் செய்த ஒரே காரியம் இதுதான்.

சரியாகத்தானே செய்தேன்? உன்னைத் தவிர இதை யாரிடமும் கேட்க முடியாது. கடைசி நாட்களில் நான் பக்கத்தில் இல்லை. அந்தப் படத்தைப் பற்றி, என்னைப் பற்றி, அப்பா ஏதாவது சொன்னாரா?

ருய்ஷியா

2005 நவம்பர் 20

அக்காவுக்கு.

நாங்கள் நலம். அம்மா மறுபடி கோழி வளர்க்கத் தொடங்கிவிட்டாள். ஐந்தாம் வாரச் சடங்கு முடிந்தது. பச்சைக் கோட்டை எரித்தோம், ரோமம் கடைசியில்தான் பிடித்தது. கல் வைத்தாயிற்று. அப்பா பெயர் கறுப்பில், அம்மா பெயர் சிவப்பில். கல்தச்சர் ஒழுங்காகச் செய்திருக்கிறார்.

அக்டோபரில் எழுதவில்லை என்று வருத்தப்படாதே. பள்ளியில் தேர்வு. எழுதவும் ஒன்றும் இல்லை.

நீ சரியாகத்தான் செய்தாய். மிகச் சரி. அதைப் பற்றி இனி யோசிக்க வேண்டாம், நன்றாகச் சாப்பிடு, நூடுல்ஸ் கடையில் இருந்துகொண்டு இளைக்காதே.

அப்பா ஒன்றும் சொல்லவில்லை, அக்கா. பேச மூச்சு போதவில்லை.

உன் தங்கை,
மைசுய்